கண்ணாடி அறையில் இருபத்தாறு நிமிடம்

பதினோரு மணிக்கு அவளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

மொபைலைப் பிடுங்கியாயிற்று. லேப்டாப்பையும் பிடுங்கியாயிற்று. மீட்டிங் ரூமில் மிச்சம் இருந்தது ஒரு நீள மேஜை, எட்டு நாற்காலி, ஒரு சுவர்க் கடிகாரம், யாரோ பாதி குடித்து வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில். மூன்று பக்கம் சுவர். நாலாவது பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் ஹால். ஹாலின் எதிர்ச் சுவரில் பெரிய திரை. திரைக்குக் கீழே அவளுடைய டீமின் மற்ற இரண்டு பேர்.

"பூட்டலையா சார்?" என்று உள்ளேயிருந்தே கேட்டாள்.

மேனேஜர் கதவை ஒரு விரற்கடை திறந்தார். "பூட்டு எதுக்கும்மா? நீங்க எப்ப வேணா வெளிய வரலாம். ஆனா ஒரு மணிக்கு முன்னாடி நீங்க வெளிய வந்தா லீவு லெட்டர்ல என் கையெழுத்து இருக்காது. அவ்வளவுதான்."

சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். அதற்குள் ஒட்டிய கவர் ஒன்று.

"பதினொன்றரைக்கு இதைப் பிரிப்பேன். நீங்க எழுதிக் குடுத்த கோளாறை நானே செஞ்சு விடுவேன். அவங்க ரெண்டு பேரும் உங்க உதவி இல்லாம சரி பண்ணணும். பண்ணிட்டா நீங்க ஆறு வாரம் நிம்மதியாப் போயிட்டு வாங்க."

கதவு மறுபடி சாத்தியது.

நிம்மதியாம். இன்றைக்குச் செவ்வாய். நாளைக் காலை அவள் மருத்துவமனையில் சேர வேண்டும். வியாழக்கிழமை அவளுடைய ஒரு சிறுநீரகத்தை எடுத்து அவள் தம்பிக்கு வைப்பார்கள்.

தேதி ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போனது. முதல் தடவை, மருத்துவமனை வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் ஆபீஸ் கோளாறு ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது கடைசிப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் இடத்தை மூடியிருந்தார்கள். இரண்டாவது தடவை அவளை ஆபீஸுக்கு அழைத்துப்போக மேனேஜரே கார் எடுத்துக்கொண்டு மருத்துவமனை வாசலுக்கு வந்துவிட்டார். மூன்றாவது தேதியைக் கொடுத்தபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவை தள்ளினா, உங்க தம்பி உடம்பு ஆபரேஷனைத் தாங்கும்னு நான் உறுதி சொல்ல முடியாது."

வேலையை விட்டுத் தொலைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. ஆபரேஷனே கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீட்டில்தான் நடக்கிறது. வேலை போனால் அதுவும் போகும். முன்னால் போனால் முட்டும், பின்னால் வந்தால் உதைக்கும்.

இவ்வளவுக்கும் காரணம், ஒரு மென்பொருளை மேய்க்கிற வித்தை அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருந்ததுதான்.

கம்பெனியின் பிழைப்பு பஸ் டிக்கெட் மென்பொருள். நாற்பத்திரண்டு பஸ் நிலையங்கள், ஒவ்வொன்றிலும் கவுன்ட்டர், கவுன்ட்டருக்கு முன்னால் நீளும் வரிசை. அந்த மென்பொருளைப் பெட்டிபோல் கட்டி, ஒரே மாதிரிப் பன்னிரண்டு பிரதிகளைப் பல கம்ப்யூட்டர்களில் ஓடவிட்டிருந்தாள். கன்டெய்னர் என்பார்கள். பன்னிரண்டையும் கட்டி மேய்க்க அவற்றுக்கு மேலே இன்னொரு மென்பொருள். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் மீசைக்காரர் அதை 'மேஸ்திரி' என்றார். எல்லோருக்கும் அதுவே நிலைத்துவிட்டது. அவருக்கு 'மீசை' நிலைத்த மாதிரி.

லீவில் போகுமுன் டீமின் மற்ற இருவருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க மூன்று வாரத்துக்கு முன் வகுப்பை ஆரம்பித்தபோது அவள் புத்தகத்தில் இருந்த வார்த்தைகளையெல்லாம் பலகையில் எழுதினாள். மூன்றாம் நாள் மீசை குறட்டை விட்டார். ஐம்பது வயது, அவளைவிட மூத்தவர், எழுப்பவும் கூச்சம்.

"தாயே, இது பாடமா மந்திரமா?" என்றார் தானே விழித்துக்கொண்டு. "எனக்குப் புரியற மாதிரி ஒரு வரி சொல்லேன், நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள."

"சரிண்ணே. ஒரு கட்டட வேலை நடக்குது. பன்னிரண்டு ஆளு எப்பவும் வேலையில இருக்கணும்னு எழுதி மேஸ்திரி கையில ஒரு சீட்டு குடுத்திருக்கோம். பத்து செகண்டுக்கு ஒரு தடவை ஒவ்வொரு ஆளையும், 'உயிரோட இருக்கியா?'ன்னு கேப்பாரு. மூணு தடவை பதில் வரலைன்னா அந்த ஆளை அனுப்பிட்டு வேற ஆளை நிறுத்துவாரு."

"அந்த ஆளு ஏன் மயங்கி விழுந்தான்னு கேக்க மாட்டாரா?"

"மாட்டாரு. சீட்டுல என்ன இருக்கோ அது மட்டும்தான்."

"அப்ப நம்ம மேனேஜர்னு சொல்லு."

அதன் பிறகு மீசை தூங்கவில்லை.

அடுத்த தொல்லை 'கேள்வி'. டெஸ்டர், மென்பொருளைச் சோதிக்கிறவள். அவள் வயதுதான், அவளோடு ஒரே நாளில் சேர்ந்தவள். எதைக் காட்டினாலும் 'ஏன்?' என்பாள், அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மேஸ்திரியின் சீட்டு என்பது உண்மையில் ஒரு சீட்டல்ல, இருநூற்றுப் பதினான்கு ஃபைல். ஐந்து வருடமாக அவள் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வளர்த்தது.

"இந்த ஃபைல் ஏன்டி இருக்கு?"

"அது... அப்போ தேவைப்பட்டுச்சு."

"இப்போ?"

"இப்போ..."

"தூக்கு."

ஒரே மூச்சில் காரணம் சொல்ல முடியாத ஃபைல் இருக்கக்கூடாது. அதுதான் கேள்வி போட்ட சட்டம். இருநூற்றுப் பதினான்கு எண்பதாகி, நாற்பதாகி, கடைசியில் இருபத்து மூன்றில் நின்றது. எதுவும் உடையவில்லை. அது சந்தோஷமா அவமானமா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவள் மசியவில்லை.

"'உயிரோட இருக்கியா'ன்னு ஆளைத்தானே கேக்கறோம்?" என்றாள் கேள்வி. "அதுல டேட்டாபேஸ் பதில் சொல்லுதான்னும் சேர்த்துக் கேக்குதே, அது ஏன்?"

"அது ஒரு பாதுகாப்புக்கு. விடுடி, அது அப்படித்தான் இருக்கும்."

கேள்வி விட்டுவிட்டாள். மூன்று வாரத்தில் அவள் விட்டது அந்த ஒன்றைத்தான்.

மணி பதினொன்று ஒன்பது.

பெரிய திரையில் பிரதிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பச்சைக் கட்டங்கள். ஒன்று சிவப்பானது. அடுத்த மூச்சில் மூன்று. அவள் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் பன்னிரண்டும் சிவப்பு.

'கவரைப் பிரிச்சுட்டாரா?'

இல்லை. மேனேஜர் ஐந்து நிமிடத்துக்கு முன்பே காதில் போனோடு தன் அறைக்குப் போனதை அவள் பார்த்திருந்தாள். கவர் அவர் பையில். அதில் அவள் எழுதியிருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டரை நிறுத்தச் சொல்லி. இது அது இல்லை.

இது நிஜம்.

கட்டங்கள் பச்சையாயின. பெருமூச்சு விட வாயைத் திறந்தாள். மறுபடி பன்னிரண்டும் சிவப்பு. பச்சை. சிவப்பு. யாரோ விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிற மாதிரி.

இரண்டே நிமிடத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. ஏதோ காரணத்தால் டேட்டாபேஸ் திணறுகிறது. அது பதில் சொல்லாததால், நன்றாக இருக்கும் பன்னிரண்டு பிரதிகளும் 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்ல முடியவில்லை. மேஸ்திரி பன்னிரண்டு பேரையும் துரத்திவிட்டுப் புதிதாகப் பன்னிரண்டு பேரை இறக்குகிறார். வந்த பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் டேட்டாபேஸ் மேல் விழுகிறார்கள். அது இன்னும் திணறுகிறது. மறுபடி துரத்தல்.

சாகாத ஆட்களை மேஸ்திரி கொன்றுகொண்டிருந்தார். சீட்டில் அப்படி எழுதி வைத்தது அவள்.

ஹாலில் மீசை எழுந்தார். சட்டைக் கைகளை முழங்கைவரை மடித்தார்.

"ஐயோ அண்ணே, வேண்டாம்!"

அவர் கையை மடித்தால் டேட்டாபேஸை அணைத்துப் போடப் போகிறார் என்று அர்த்தம். போன தடவை அப்படிச் செய்தபோது அது எழுந்து உட்கார ஐம்பது நிமிடமாயிற்று.

இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை அறைந்தாள். கேள்வி திரும்பிப் பார்த்தாள்.

"நிஜம்டி! பரீட்சை இல்ல! நிஜம்!"

தடிமனான கண்ணாடியைக் குரல் தாண்டவில்லை. கேள்வி உதட்டில் விரல் வைத்தாள். தலையை இடமும் வலமும் ஆட்டினாள். பிறகு நேரே அலமாரிக்குப் போய் ஒரு கட்டு சார்ட் பேப்பரும் டேப்பும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னடி பண்றே?"

முதல் தாள் ஒட்டப்பட்டது, மீசை மறைந்தார். இரண்டாவது தாளில் பெரிய திரை போயிற்று. மூன்றாவது தாளை ஒட்டுமுன் இரண்டு பெண்களும் ஒரு நொடி ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கேள்வி சிரிக்கவில்லை. அந்தத் தாளும் ஒட்டப்பட்டது.

நாலு பக்கமும் சுவராயிற்று.

'பரீட்சைன்னு நினைச்சுட்டா, பாவி. நான் குறிப்பு குடுக்கப் பாக்கறேன்னு நினைச்சுட்டா!'

கடிகாரத்தின் முள் மட்டும் நகர்ந்தது. பதினொன்று பதினைந்து. நாற்பத்திரண்டு நிலையங்களில் கவுன்ட்டர்கள் உறைந்திருக்கும். வரிசை வாசலைத் தாண்டியிருக்கும். கைக்குழந்தைகள், பெட்டிகள், வசவுகள். எல்லாம் அவள் எழுதிய ஒரு வரியால்.

கதவு பூட்டியில்லை. நாலு எட்டு வைத்தால் வெளியே. இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடுவாள். அப்புறம் வியாழக்கிழமை?

'தம்பி காத்திருப்பான். அவனுக்குப் பழக்கம்தானே. வரிசையில நிக்கறவங்க காத்திருக்க மாட்டாங்க.'

அந்த எண்ணம் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு தயாராக வந்தது என்று அவளுக்கே கூசியது. கூசினாலும் கால் நடந்தது. கைப்பிடியை அழுத்தித் தள்ளினாள்.

கதவு அசையவில்லை.

தோளால் இடித்தாள். வெளியே ஏதோ கிறீச்சிட்டது, நாற்காலி. கைப்பிடிக்கு அடியில் நாற்காலி முதுகைக் கொடுத்து முட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

"ஏய்! திறடி! விளையாடற நேரமா இது?"

கீபோர்டுச் சத்தம், மீசை யாரிடமோ போனில் உரக்கப் பேசும் சத்தம். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. காதைக் கதவில் ஒட்டினாள். தன் இதயம் அடிப்பதுதான் கேட்டது. கத்தினாள், தட்டினாள், உள்ளங்கை சிவந்தது. பிறகு தரையில் சரிந்து உட்கார்ந்தாள். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக, ஒரு கோளாறு நடக்கும்போது அவள் கையில் ஒன்றும் இல்லை.

பதினொன்று இருபத்து நாலு. ஹாலில் தடதடவென்று ஓடிவரும் காலடி. மேனேஜர்.

"என்ன நடக்குது இங்க? கஸ்டமர் என்னைக் கிழிக்கிறான்! கவரே இன்னும் பிரிக்கலையே! இது என்ன பேப்பரு? நாற்காலி ஏன் இங்க இருக்கு? எடு அதை! அவங்களை வெளிய விடு முதல்ல!"

"விட மாட்டேன் சார்." கேள்வியின் குரல் கதவுக்கு மிக அருகில் கேட்டது. அவள் கதவில் சாய்ந்து நின்றிருக்க வேண்டும்.

"பைத்தியமா உனக்கு? இது நிஜக் கோளாறு!"

"தெரியும் சார். மூணாவது நிமிஷமே தெரியும். அண்ணனுக்கு ஸ்டேஷன்லேருந்து போன் வந்துருச்சு."

உள்ளே அவள் தரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சுமா அவங்களை அடைச்சு வெச்சே?"

"அடைக்கலைன்னா வெளிய வந்துருவா சார். அவளைப் பத்தி உங்களைவிட எனக்குத் தெரியும். வந்தா லீவு கேன்சல்னு சொன்னது யாரு? நீங்கதானே?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். தள்ளு!"

"அப்புறம்னா எப்ப? அவ தம்பி போனப்புறமா?"

மீசையின் குரலும் கதவருகே வந்தது: "சார், எங்களுக்குப் பத்து நிமிஷம் குடுங்க. அப்பறம் எங்க ரெண்டு பேரையும் வெட்டிப் போடுங்க. இப்ப சத்தம் போடாதீங்க, எத்தனை ஸ்டேஷன் ஆச்சுன்னு நான் எண்ணிட்டிருக்கேன்."

மேனேஜர் கதவைத் தட்டினார். "அம்மா! கேக்குதா? நீங்க வெளிய வாங்க. இந்த நாற்காலியை நான் எடுக்கறேன். பரீட்சையெல்லாம் இன்னொரு நாள் வெச்சுக்கலாம். வாங்கம்மா!"

இன்னொரு நாள். அவள் அந்த வார்த்தையை இரண்டு தடவை கேட்டிருக்கிறாள்.

நாற்காலி நகரும் சத்தம். கதவு இப்போது வெறுமனே சாத்தியிருந்தது. கைப்பிடி அவள் பக்கமும் ஒன்று, அவர் பக்கமும் ஒன்று. அவள் எழுந்தாள். தன் பக்கத்துக் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றினாள், திறப்பதற்கு அல்ல. கதவைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தாள்.

"நான் உள்ளேயே இருக்கேன் சார்."

"என்னது?"

"ஒரு மணி வரைக்கும்னு சொன்னீங்க. அவங்க பாத்துக்குவாங்க. நான் வர மாட்டேன்."

வெளியே இழுத்தார். உள்ளே அவள் விடவில்லை. நெற்றியைக் கதவில் முட்டுக்கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். இருநூறைத் தாண்டியபோது எதிர்ப்பக்க இழுப்பு தளர்ந்தது. நானூறைத் தாண்டியபோது யாரோ கை தட்டினார்கள். ஒரே ஒரு தட்டு.

"தாயே!" மீசை கத்தினார். "பன்னிரண்டும் பச்சை!"

பதினொன்று முப்பத்தைந்து.

கேள்வி கதவைத் தட்டி, "சார் சொல்லிட்டாரு, திறக்கலாம்" என்றாள். உள்ளே நின்றவளுக்குத் தன் கையைக் கைப்பிடியிலிருந்து பிரித்தெடுக்க நேரமாயிற்று.

திரை முழுக்கப் பச்சை. மேனேஜர் ஒரு நாற்காலியில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன பண்ணீங்க?" என்றாள் அவள்.

"நீ விடுடின்னு சொன்ன வரி இருக்குல்ல, அதைத் தூக்கினேன்" என்றாள் கேள்வி. "மேஸ்திரி ஆளுங்களைத் துரத்தறதை நிறுத்திட்டாரு. பன்னிரண்டு பேரை ரெண்டா குறைச்சேன். அப்புறம் நாலு, ஆறு."

"டேட்டாபேஸ் ஏன் திணறுச்சு?"

"இன்னைக்குப் பதினோரு மணிக்குப் பஸ்காரங்க அடுத்த மாச முன்பதிவைத் திறந்திருக்காங்க. நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை" என்றார் மீசை.

"அண்ணே, நீங்க கையை மடிச்சீங்களே. அணைக்கப் போறீங்கன்னு உயிரே போயிருச்சு."

"மடிச்சது போனை எடுக்க. நாற்பத்திரண்டு ஸ்டேஷனுக்கும் சொல்லி அனுப்பி, 'பத்து நிமிஷம் டிக்கெட்டைக் கையால எழுதுங்கய்யா, கம்ப்யூட்டரைத் தொடாதீங்க'ன்னேன். பாதி பேரு திட்டினான். மீதிப் பேரு எழுதினான். அதுல டேட்டாபேஸுக்கு மூச்சு வந்துச்சு."

அவள் திரையையே பார்த்தாள். கையால் எழுதச் சொல்வது. ஐந்து வருடத்தில் அவளுக்கு அது தோன்றியதே இல்லை. அவளாக இருந்தால் இன்னொரு ஃபைல் எழுதியிருப்பாள்.

கேள்வி மேனேஜர் பக்கம் திரும்பினாள். "கவர்ல இருக்கற பரீட்சையும் வேணுமா சார்?"

மேனேஜர் பேனாவைத் தேடினார். மீசை தன்னுடையதை நீட்டினார். கையெழுத்து விழுந்தது.

"கதவை நீங்களே புடிச்சுட்டு நின்னீங்களே" என்றார் மேனேஜர், லெட்டரைக் கொடுத்துக்கொண்டே. அதில் கோபம் இல்லை. என்ன இருந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அவள் லெட்டரை வாங்கினாள். தாள் படபடவென்று ஆடியது. மேஜையில் வைத்து இன்னொரு கையால் அழுத்தினாள். அந்தக் கையும் நடுங்கியது.

"எதுக்குடி இப்ப நடுங்கறே? எல்லாம்தான் சரியாப் போச்சே."

"அதான்டி" என்றாள்.

அன்றைக்கு ரத்தம் எடுக்கும் இடத்தை மூடியிருந்ததைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, தோள் லேசானது. மேனேஜரின் காரில் ஏறி உட்கார்ந்தபோது அவரைத் திட்டிக்கொண்டேதான் ஏறினாள், ஆனால் சீட் பெல்ட்டைச் சட்டென்று மாட்டிக்கொண்டாள். வேலை இருந்தது. வேலை இருக்கும்வரை கத்தியைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. மயக்க மருந்தைப் பற்றி, விழிக்காமலே போவதைப் பற்றி, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்வதைப் பற்றி. இப்போது நாளைக் காலைக்கும் அவளுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. ஒரு ஃபைல்கூட இல்லை.

மொபைலை வாங்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். முதல் ரிங்கிலேயே தம்பி எடுத்தான்.

"என்னக்கா, தள்ளிப் போயிருச்சா?" குறை சொல்கிற குரல்கூட இல்லை. மழை வருமா என்று கேட்கிற குரல்.

"இல்லடா. நாளைக்கு வரேன்."

"சரிக்கா." நம்பவில்லை.

அவள் படியில் உட்கார்ந்தாள். "டேய்."

"சொல்லு."

"எனக்குப் பயமா இருக்குடா. ரொம்ப."

மறுமுனையில் அவன் சிரிப்பது கேட்டது. களைத்த, நிஜமான சிரிப்பு.

"போன ரெண்டு தடவையும் 'எனக்கென்னடா பயம்'னு சொன்னே. ரெண்டு தடவையும் நீ ஆபரேஷன் வரைக்கும் வரலை. இப்பதான் ஒழுங்கா பயப்படறே. நிஜமாவே வந்துருவே போலிருக்கே."

"வந்துருவேன்டா."

"எனக்கும் பயம்தான்க்கா. வா. ஒண்ணாப் பயப்படலாம்."

தன் கைப்பையை எடுக்கக்கூட அவள் திரும்பிப் போகவில்லை. லெட்டரை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.